போட்டோ திருத்தக் கையால் பழக வேண்டுமா? கல்முனைத் தம்பிக்கு ஒரு பதில்

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறார். படம் திருத்தும் வேலையைப் பழகலாமா என்று யோசனை. இதற்கிடையில் அம்மம்மாவின் கல்யாணப் படத்தைப் போனில் ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தாராம். 1982இல் எடுத்த கலர் படம், முழுக்கச் சிவந்து போனது. ஒரு நிமிஷத்தில் புதுப்படம் மாதிரி வந்துவிட்டது. "மூக்குத்தி மட்டும் இல்லாமல் போய்விட்டது. அம்மம்மா போட்டிருந்தவ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறா. மற்றபடி நல்ல வடிவு. இப்படி இருக்கும்போது ஒரு வருஷம் மினக்கெட்டுக் கையால் பழகுவதில் என்ன பிரயோசனம் அண்ணா? கையால் செய்தால் ஒரு திருப்தி வரும் என்கிறார்களே, அது பழகி முடித்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா?"

நேரே சொல்லிவிடுகிறேன் தம்பி: பழகுங்கள். ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். 1988இல், பதினேழு வயதில், மட்டக்களப்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். இன்றுவரை இந்த வேலைதான் செய்கிறேன்.

முதலாளி எனக்குக் கமெராவைத் தரவில்லை. பழுதான நெகட்டிவ்களை ஒரு கட்டாகத் தந்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் உட்கார வைத்தார். பென்சில் முனையை அரத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்க வேண்டும். பென்சில் பிடிப்பதற்காக நெகட்டிவின் மேல் வார்னிஷ் போன்ற ஒரு திரவத்தைப் பஞ்சால் பூசிக் காயவிட வேண்டும். பிறகு கண்ணுக்குக் கீழேயுள்ள கருவளையத்தில், சுருக்கத்தில், காற்புள்ளி காற்புள்ளியாக இழுக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நீங்கள் பென்சிலால் கறுப்பாக்கும் இடம் பிரிண்டில் வெளுக்கும். பிரிண்டில் ஓர் இடம் கறுக்க வேண்டுமென்றால் பென்சில் உதவாது, கூரிய பிளேட்டால் ஜெலட்டினை மயிரளவு சுரண்ட வேண்டும். சுரண்டியதை மீண்டும் ஒட்ட முடியாது.

ஆறு மாதம் அந்தப் பழுதான நெகட்டிவ்கள்தான். முதல் இரண்டு மாதம் நான் திருத்திய முகமெல்லாம் மா பூசியது போல வந்தது. சுருக்கத்தை முழுதாக எடுத்துவிட்டால் அந்த ஆள் போய்விடுவார் என்பதை யாரும் எனக்கு வாயால் சொல்லித் தரவில்லை. முதலாளி என் பிரிண்டையும் தன் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான். அவர் சுருக்கத்தைப் பாதிதான் எடுத்திருப்பார். சிரிப்பால் வந்த கோட்டைத் தொடவே மாட்டார். வெயிலில் கண்ணைச் சுருக்கியதால் வந்த கோட்டை மட்டும் எடுத்திருப்பார். எது முகத்தினுடையது, எது அன்றைய வெயிலினுடையது என்று பிரித்துப் பார்க்க என் கண்ணுக்கு ஆறு மாதம் பிடித்தது.

அதன் பிறகு வந்த வசதிகள் எதையும் நான் வேண்டாம் என்றதில்லை. போட்டோஷொப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. படத்தின் மேல் படமாக அடுக்கி வேலை செய்யும் லேயர் 1994இல் வந்தது. எங்கள் ஊருக்கும் என் மேசைக்கும் அது வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. 2002இல் பழுதைச் சுற்றியுள்ள இடத்தோடு கலந்து மூடும் ஹீலிங் பிரஷ் வந்தபோது, நல்ல இடத்தைப் பிரதியெடுத்துப் பழுதின் மேல் ஒட்டும் குளோன் ஸ்டாம்பால் ஒரு மணித்தியாலம் செய்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. 2010இல் வந்த கொன்டென்ட் அவேர் ஃபில், புல்வெளியில் விழுந்த கீறலைத் தானே நிரப்பியது. 2020இல் வானத்தை மாற்றும் வசதி, 2023இல் எழுதிக் கேட்டதை வரைந்து நிரப்பும் வசதி. இன்றைக்கு அடையாள அட்டைப் படத்துக்குப் பின்னணி வெட்டுவதை நான் கையால் செய்வதில்லை. ஒரு கல்யாணத்தில் எடுத்த இரண்டாயிரம் படத்துக்கும் வெளிச்சத்தைச் சமன் செய்வதையும் கையால் செய்வதில்லை. அதைக் கையால் செய்துகொண்டிருப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

ஆனால் உங்கள் அம்மம்மாவின் படம் அந்த வகை வேலையைச் சேர்ந்ததில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களில், மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடி, நாவலடிப் பக்கத்திலிருந்து ஆட்கள் படங்களைக் கொண்டுவந்தார்கள். சிலர் அல்பத்தோடு, சிலர் பிளாஸ்டிக் பையில் ஒட்டிப்போன ஒரு கட்டாக. ஈரமாக வந்தவற்றைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசினோம். ஒன்றோடொன்று ஒட்டியதை இழுக்கக் கூடாது, தண்ணீரில் ஊறித் தானாகக் கழரும்வரை பார்த்திருக்க வேண்டும். படம் மேலே பார்க்க, நிழலில் காயவிட வேண்டும். எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. கலர் படங்கள்தான் ஓரத்திலிருந்து எரிந்தது போல வந்தன: வெளியே வெள்ளை, அடுத்து மஞ்சள், அடுத்து சிவப்பு, நடுவில் மட்டும் படம்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்ட நாள்தான் இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய நாள். கலர் பேப்பரில் மூன்று சாயப் படலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே சயான் என்ற நீலப்பச்சை, நடுவில் மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, அடியில் மஞ்சள். ஊறிய ஜெலட்டினைத் தண்ணீரும் கிருமியும் மேலிருந்து கீழாகத் தின்கின்றன. சயான் போனால் மிச்ச இரண்டும் சேர்ந்து சிவப்பாகத் தெரியும். மெஜந்தாவும் போனால் மஞ்சள் மட்டும் நிற்கும். அதுவும் போனால் வெறும் தாள். அப்படியென்றால் சிவப்பாகத் தெரிகிற இடத்தில் படம் சாகவில்லை. மூன்றில் இரண்டு படலம் உயிரோடு இருக்கிறது.

அதை எப்படிப் பார்ப்பது? ஸ்கேன் செய்த கலர் படத்தைக் கணினி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்து வைத்திருக்கும், அவைதான் சனல்கள். அவற்றைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். சயான் சாயம் எழுதியது ரெட் சனலில் தெரியும், மெஜந்தா எழுதியது கிறீன் சனலில், மஞ்சள் எழுதியது புளூ சனலில். கடல் தின்ற படத்தில் ரெட் சனலைத் திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். கிறீனைத் திறந்தால், தம்பி, நான் முதல் தடவை பார்த்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஒரு பிள்ளையின் கை, சட்டையின் பொத்தான், பின்னால் தென்னை, எல்லாம் கறுப்பு வெள்ளையில் அப்படியே நின்றன. மஞ்சளாகிப்போன இடத்தில்கூட, புளூ சனலில் மங்கலாக, பொடி பொடியாக, ஒரு தோளின் கோடு தெரிந்தது.

பிறகு செய்வது பொறுமையான வேலை. கிறீன் சனலில் உள்ளதை, பழுதான பகுதிக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று பிரிக்கும் மறைப்பு), ரெட் சனலுக்குக் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தை நடுப்பகுதியோடு பொருத்த வேண்டும். நிறத்தை நல்ல பகுதியிலிருந்து எடுத்து, கலர் என்ற கலப்பு முறையில் தனி லேயராக மேலே மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் பிடிக்கும். இந்தப் படங்களில் சிலவற்றைப் பிறகு நானே ஆப்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிவந்த இடத்தை அவை கறையென்று எடுத்துக்கொண்டு, மேலே புதுத் தோலும் புதுத் துணியும் வரைந்து மூடிவிட்டன. அடியில் உயிரோடிருந்த பொத்தானை அவை பார்க்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு தாய் கொண்டுவந்த படத்தைச் சொல்ல வேண்டும். பாடசாலையில் எடுத்த குழுப்படம், நாற்பது ஐம்பது பிள்ளைகள். இரண்டாம் வரிசையில் மகன். கடல் கொண்டுபோன பிள்ளை. வீட்டில் மிஞ்சிய ஒரே படம் அது. முகம் ஓர் உழுந்து மணியளவு, 4 மில்லிமீற்றர். அந்தப் பிரிண்டை 300 டிபிஐக்கு மேல், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல், ஸ்கேன் செய்தும் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆக, முகத்துக்குக் குறுக்கே 47 புள்ளி. அதை வைத்துச் சட்டம் போடுகிற அளவில் ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்.

மூன்று நாள் அந்த 47 புள்ளியோடு இருந்தேன். அவ்வளவு நேரம் பார்க்கும்போதுதான் கண்டேன்: வலக் கண் மூன்று புள்ளி உயரம், இடக் கண் இரண்டு. மற்றப் பிள்ளைகளின் கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இரண்டும் சமம். ஆகவே அது ஸ்கேனரின் பிழையோ கமெராவின் பிழையோ இல்லை. தாயிடம் கேட்டேன். "ஓம் மனே, அவனுக்குப் பிறந்ததிலேயே அந்த இமை கொஞ்சம் விழுந்துதான் இருக்கும்" என்றார். நான் கொடுத்த படம் தெளிவானதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம். ஆனால் அந்த இமை அதில் இருந்தது.

பல வருஷத்துக்குப் பிறகு அதே ஸ்கேனை அந்த வீட்டுப் பிள்ளையொருத்தி ஆப்பில் போட்டு, பெரிதாக்கி, என்னிடம் பிரிண்டுக்குக் கொண்டுவந்தாள். இமை மயிர் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இரண்டு கண்ணும் சமம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவளே திருப்பிக் கொண்டுவந்தாள். தாய் சட்டத்துக்குள் வைக்க விடவில்லையாம். "வடிவான புள்ளதான், ஆனா இது எண்ட மகன் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜிஎஃப்பிகான் என்ற முறையை உதாரணமாக எடுங்கள். ஃபிளிக்கர் என்ற படத் தளத்திலிருந்து சேர்த்த 70,000 முகப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. மங்கலான முகத்தைக் கொடுத்தால் 512க்கு 512 புள்ளியில் திருப்பித் தரும். அந்தப் பிள்ளையின் முகத்தில் நமக்குக் கிடைப்பது 47க்கு 47, அதாவது 2,209 புள்ளி. திரும்பி வருவது 262,144 புள்ளி. மிச்சம் எங்கிருந்து வருகிறது? அந்த 70,000 முகங்களிலிருந்து கற்றுக்கொண்ட பழக்கத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான முகங்களில் இரண்டு கண்ணும் சமம், ஆகவே இந்த முகத்திலும் சமம். 2020இல் இதே வகையைச் சேர்ந்த பல்ஸ் என்ற முறையில், ஒபாமாவின் கட்டம் கட்டமாக மங்கலாக்கிய படத்தைப் போட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வந்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி. நாவலடிப் பிள்ளையின் முகத்தை அது எங்கே கண்டது?

இந்தப் பிழையை இயந்திரம் சொல்லாது என்பதுதான் எனக்குப் பயம். நான் கையால் பிழைவிட்டால் அந்த இடம் பிழையாகவே தெரியும்: மா பூசியது போலவோ, கறுத்தோ இருக்கும். ஆப்பின் பிழை மிக அழகாக இருக்கும். நெற்றியில் போட்ட திருநீற்றுக் குறியைக் கீறல் என்று எடுத்துத் துடைத்துவிட்ட படங்களைக் கண்டிருக்கிறேன். வடமோடிக் கூத்துக்காரர் ஒருவரின் கிரீடத்தில் இருந்த கண்ணாடித் துண்டுகளெல்லாம் பூவாக மாறி வந்ததைக் கண்டிருக்கிறேன். தழும்பு, தேமல், மாநிறம் எல்லாம் எங்கே போகின்றன என்றே தெரியாது. அண்மையில் ஒரு கல்யாண அல்பம் பார்த்தேன். கல்லடிக் கடற்கரையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும், பின்னால் செக்கச் சிவந்து கடலுக்குள் இறங்கும் சூரியன். எங்கள் கரை கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலில் எழும்பும், வாவிப் பக்கம் மறையும். அது விடியலென்று வைத்தாலும் சரிவராது: இருவரின் நிழலும் கடலை நோக்கி நீண்டு கிடந்தது. வெளிச்சம் உண்மையில் படம் எடுத்தவரின் முதுகுப் பக்கத்திலிருந்து, பின்னேர வெயிலாக வந்திருக்கிறது. வானத்தை மாற்றிய தம்பிக்கு நிழலைப் பார்க்கத் தெரிந்திருந்தால், அந்த மென்பொருளை வைத்தே அதற்கேற்ற வானம் ஒன்றைத் தேர்ந்திருப்பார்.

இனித் திருப்தி பற்றிய கேள்வி. அது ஆறுதலா என்று கேட்டீர்கள். கஷ்டப்பட்டதால் வருகிற திருப்தியும் உண்டு, அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. மாடு மாதிரி உழைத்துக் கெட்ட படம் செய்தவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. இடக் கண் இரண்டு புள்ளிதான் என்று கண்ட அந்த நேரம், கிறீன் சனலில் பொத்தான் தெரிந்த அந்த நேரம், நெஞ்சுக்குள் ஒன்று நடக்கும். வேலை முடிந்ததால் வருவது இல்லை அது, வேலை முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே வருவது. இதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தும் காணாத ஒன்றைக் கண்டுவிட்டேன் என்ற சந்தோஷம். கண் அந்த இடத்தில் தங்குவதற்குக் கைக்கு அங்கே வேலை இருக்க வேண்டும். சும்மா மூன்று நாள் ஒரு முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிரு என்றால் யாராலும் ஒண்ணாது. பிரஷ் கையில் இருப்பதால்தான் பார்க்க முடிகிறது.

மருதமுனை உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. அங்கே கைத்தறியில் நெய்து பழகிய ஒருவரிடம் மெசினில் நெய்த சாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். விரலை ஓட்டிவிட்டு, இந்த இடத்தில் இழை அறுந்து முடிந்திருக்கிறது என்று காட்டுவார். மெசினை ஓட்ட மட்டும் பழகியவருக்கு அந்த விரல் வராது.

எப்படித் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்க வழியில்லை என்றால் கிம்ப் போதும். 1996 முதல் வெளிவருகிற இலவச மென்பொருள், சனல், லேயர், மாஸ்க் எல்லாம் அதிலும் உண்டு. போனில் வேண்டாம், பழைய கணினியென்றாலும் பெரிய திரையில் பழகுங்கள். சிறிய பிரிண்ட்களை 600 டிபிஐயில், தரம் குறையாத டிஃப் கோப்பாக, நிறம் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் ஸ்கேன் செய்து, அந்த மூலக் கோப்பை ஒருநாளும் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். எழுபது எண்பதுகளின் சில பிரிண்ட்களில் தேன்கூடு மாதிரி ஒரு நெய்தல் மேற்பரப்பு இருக்கும். ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். அப்படியானதை ஒருதரம் நேராகவும் ஒருதரம் தலைப்பக்கம் கீழே வரச் சுற்றி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டையும் பொருத்தி, மேல் லேயரைப் பாதியாக மங்கலாக்குங்கள். வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்ததால் அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். முகம் முகமாக நிற்கும்.

முதல் மூன்று மாதம் குளோன் ஸ்டாம்ப், லேயர் மாஸ்க், வெளிச்சமும் நிழலும் பூசுவது, இந்த மூன்றையும் தவிர வேறொன்றையும் தொடாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஐம்பது வீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயரைப் போட்டு, சொஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, அதன் மேல் கறுப்பும் வெள்ளையும் மெல்லிசாகப் பூசுங்கள். அன்று நாங்கள் என்லார்ஜருக்குக் கீழே கையை அசைத்து மறைத்தும் விட்டும் செய்ததும் இதுதான். ஒரே படத்தை மூன்று தரம், முதலிலிருந்து, முன்னையதைப் பார்க்காமல் செய்யுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கே மூன்றும் ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். விலகுகிற இடத்தில் நீங்கள் ஊகித்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு ஆப்பை எடுங்கள். தூசி, கீறல், சுவர், வானம், புல் இவற்றை அதனிடம் விடுங்கள். அது தந்ததைத் தனி லேயராக மேலே வைத்து, கண்ணை மூடித் திறப்பது போல அந்த லேயரை மறைத்தும் காட்டியும் பாருங்கள். முகத்துக்கு வந்தால் அந்த லேயரை மாஸ்க் போட்டுக் கறுப்பால் மறைத்துவிட்டு, மூலத்தில் உள்ளதைக் கையால் எடுங்கள். மூலத்தில் ஒன்றுமே இல்லாத இடம் சில படங்களில் வரும். பாதி முகமே போயிருக்கும். வீட்டாட்கள் எப்படியாவது வரைந்து தாருங்கள் என்பார்கள். வரையலாம், பாவமில்லை. நான் இரண்டு பிரிண்ட் கொடுப்பேன். ஒன்றில் இருந்தது மட்டும். மற்றதில் வரைந்தது, அதன் பின்பக்கத்தில் எந்தப் பகுதி வரைந்தது என்று பென்சிலால் எழுதியிருப்பேன். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

இனி உங்கள் படம். அது தண்ணீரில் நனைந்தது போலத் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் இருட்டுக்குள் அல்பத்தில் இருந்தாலும் சயான் சாயம் மெல்ல மெல்ல வெளுத்துவிடும். அதனால்தான் முழுப்படமும் ஒரே சீராகச் சிவந்திருக்கிறது. மெஜந்தாப் படலம் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். ஆப் தந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூலப்படத்தை ஸ்கேன் செய்து, கிறீன் சனலை மட்டும் திறந்து, அம்மம்மாவின் மூக்கை 200 வீதத்துக்குப் பெரிதாக்குங்கள். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துங்கள். சுற்றியுள்ள தோலைவிட வெளிச்சமாக இரண்டு மூன்று புள்ளி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.